கெட்டி எண்ணெய் ஊற்றினால் எஞ்சின் சத்தம் அடங்குமா?

மோட்டார் பட்டறையில் அனுபவம் மிக்க மெக்கானிக் ஒருவர் வேலை செய்வதை நீங்கள் கவனித்திருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினின் மேல் நீண்ட திருப்புளி ஒன்றின் முனையை வைப்பார். அதன் பிடியைக் காதோடு ஒட்டி வைத்துக்கொள்வார். நான்கைந்து இடங்களில் இவ்வாறு கேட்டுவிட்டு, "டாப்பெட் சத்தம்தான், பயமில்லை" என்றோ, "பேரிங் போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும்" என்றோ சொல்வார். திடப்பொருள் வழியே ஒலி நன்றாகப் பரவும் என்ற பாடம்தான் அவர் கையில் திருப்புளி வடிவத்தில் இருக்கிறது.

இப்போது ஒரு சிக்கலை எடுத்துக்கொள்வோம். ஒருவர் பழைய அம்பாசடர் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினிலிருந்து 'டக் டக்' என்று ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியிருக்கிறது. நண்பர்கள் மூவர் மூன்று யோசனை சொல்கிறார்கள். "இன்னும் கெட்டியான ஆயில் ஊற்று, அடங்கிவிடும்" என்கிறார் ஒருவர். "கடையில் டப்பாவில் விற்கிற மருந்தை ஆயிலோடு கலந்து ஊற்று" என்கிறார் இன்னொருவர். "எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பதே நல்லது" என்கிறார் மூன்றாமவர். முதல் இரண்டும் அன்றைக்கே முடிந்துவிடும். மூன்றாவதைச் செய்தால் பல நாள் வருமானம் நின்றுவிடும். அவர் எதைச் செய்வது?

இந்தக் கேள்விக்கு விடை காண, பாகுநிலை, ஒலி ஆகிய இரு பாடங்களும் போதும். வாருங்கள், படிப்படியாக ஆராய்வோம்.

சத்தம் எங்கே பிறக்கிறது?

எஞ்சின் சத்தம் என்பது ஒரே சத்தம் அன்று. பல சத்தங்களின் கூட்டம். பெட்ரோல் ஆவி எரிந்து சிலிண்டரில் அழுத்தம் திடீரென உயர்வதால் ஒரு சத்தம். எரிந்த வளி சைலன்சர் வழியே வெளியேறுவதால் ஒரு சத்தம். காற்றை உள்ளே இழுப்பதால் ஒன்று; விசிறி சுழல்வதால் ஒன்று. இவற்றுக்கும் எஞ்சின் எண்ணெய்க்கும் தொடர்பே இல்லை.

எண்ணெயோடு தொடர்புடையவை உலோகத்தோடு உலோகம் மோதுவதால் எழும் சத்தங்கள். அவற்றுள் முக்கியமானவை மூன்று.

முதலாவது, டாப்பெட் சத்தம். அம்பாசடரின் பழைய 1489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள், எட்டு வால்வுகள். வால்வுகளைத் திறக்கும் உறுப்புகளுக்கும் வால்வுத் தண்டின் நுனிக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். சூட்டில் உலோகம் விரிவதற்கு அது தேவை. அந்த இடைவெளி தேய்மானத்தால் பெருகினால், ஒவ்வொரு முறை வால்வு திறக்கும்போதும் சிறு சுத்தியல் அடி போல 'டிக்' என்று ஒலிக்கும்.

இரண்டாவது, பிஸ்டன் தட்டல். மேலும் கீழும் ஓடும் பிஸ்டன், சிலிண்டரின் ஒரு பக்கச் சுவரிலிருந்து மறுபக்கச் சுவருக்குச் சாயும்போது மோதுகிறது. இடைவெளி அதிகமானால் மோதலும் வலுக்கும்.

மூன்றாவது, பேரிங் தட்டல். பிஸ்டனின் தள்ளுதலைக் கிராங்க் தண்டுக்குக் கொடுப்பது கனெக்டிங் ராடு. அது தண்டைப் பற்றும் இடத்தில் உள்ள பேரிங் தேய்ந்தால், 'டொக் டொக்' என்று ஆழ்ந்த சத்தம் எழும். எஞ்சினுக்குச் சுமை ஏறும்போது அது ஓங்கி ஒலிக்கும்.

மெக்கானிக்குகள் சத்தத்தின் தாளத்தையும் கவனிப்பார்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 720 முறை சுழல்கிறது என்று கொள்வோம். அதாவது விநாடிக்கு 12 முறை. நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுழற்சிக்கு ஒரு முறைதான் ஒரு வால்வு திறக்கும். ஆகவே ஒரே ஒரு டாப்பெட் தளர்ந்திருந்தால் விநாடிக்கு 6 தட்டல் கேட்கும். எஞ்சின் வேகத்தின் பாதி வேகத்தில் வரும் 'டிக் டிக்' வால்வுப் பகுதியைச் சேர்ந்தது என்று ஐயுறுவதற்கு இதுவே காரணம்.

இம்மூன்று சத்தங்களுக்கும் பொதுவாக ஒன்று இருப்பதைக் கவனித்தீர்களா? இடைவெளி! இடைவெளி இருப்பதால் உறுப்பு வேகம் பெறுகிறது, வேகம் பெற்றதால் மோதுகிறது, மோதுவதால் ஒலிக்கிறது. இதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

'கெட்டி' என்றால் என்ன?

கெட்டியான எண்ணெய் என்றால் கனமான எண்ணெய் என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. எண்ணெய் தண்ணீரில் மிதக்கிறது. அதாவது தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தது. ஆனாலும் தண்ணீரைவிட மெதுவாக ஓடுகிறது. ஓட்டத்தை எதிர்க்கும் இந்தப் பண்புக்குத்தான் பாகுநிலை என்று பெயர். ஒரு திரவத்தின் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்லும்போது அவற்றுக்கிடையே தோன்றும் உராய்வே அது. இதைப்பற்றி நியூட்டன் 1687இல் வெளியிட்ட தமது நூலில் எழுதினார்.

நீங்களே இதைச் சோதிக்கலாம். உயரமான கண்ணாடிக் குழாய் அல்லது குவளை ஒன்றில் விளக்கெண்ணெயை ஊற்றுங்கள். சைக்கிள் ஃப்ரீவீலில் இருக்கும் சிறிய பால்ரஸ் குண்டு ஒன்றை மேற்பரப்பிலிருந்து மெல்ல விடுங்கள். அது 20 செ.மீ. இறங்க ஆகும் நேரத்தைக் குறியுங்கள். பிறகு எண்ணெயை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சற்றுச் சூடாக்கி மீண்டும் செய்யுங்கள். விளக்கெண்ணெய் 30 டிகிரியிலிருந்து 40 டிகிரி செல்சியசுக்குச் சூடானாலே குண்டு இறங்கும் நேரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். பத்து டிகிரியில் இவ்வளவு மாற்றம்! விழும் கோளத்தின் வேகத்துக்கும் பாகுநிலைக்கும் உள்ள இந்தத் தொடர்பை 1851இல் ஸ்டோக்ஸ் என்ற அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார்.

விளக்கெண்ணெய் நம் வீட்டுப் பொருள்தானே என்று எண்ணவேண்டாம். முதல் உலகப் போர்க்கால விமான எஞ்சின்கள் பலவற்றில் அதுவே உயவு எண்ணெய். 'காஸ்ட்ரால்' என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்ததுதான்.

எஞ்சின் எண்ணெய் டப்பாக்களில் 30, 40, 50 என்ற எண்களைப் பார்த்திருப்பீர்கள். இவை அமெரிக்க மோட்டார்ப் பொறியாளர் சங்கம் 1911இல் தொடங்கிய தர வரிசை எண்கள். எண் கூடக்கூடப் பாகுநிலை கூடும். 100 டிகிரி செல்சியசில் 30 எண் எண்ணெய் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரையும், 40 எண் எண்ணெய் 12.5 முதல் 16.3 வரையும், 50 எண் எண்ணெய் 16.3 முதல் 21.9 வரையும் இருக்கவேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க: அறை வெப்பநிலையில் தண்ணீரின் மதிப்பு ஏறத்தாழ 1 சென்டிஸ்டோக்ஸ். 20டபிள்யூ-40 என்று எழுதியிருந்தால், குளிரில் அது 20டபிள்யூ எண்ணெய் போலவும் சூட்டில் 40 எண் எண்ணெய் போலவும் நடந்துகொள்ளும் என்று பொருள். 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து.

டவர் கண்ட வியப்பு

எண்ணெய் உலோகத்தை 'வழவழப்பாக்குகிறது' என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் அது செய்வது அதைவிடப் பெரிய வேலை. இதை முதலில் கண்டவர் பொசாம்ப் டவர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர்.

இங்கிலாந்தின் இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக, இரயில் வண்டி அச்சுகளின் உராய்வை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். சுழலும் அச்சின்மேல் அமர்ந்த பித்தளைத் தாங்கியின் உச்சியில், எண்ணெய் விடுவதற்காக ஒரு துளையிட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் துளைக்குள் இறங்குவதற்குப் பதிலாகத் துளையிலிருந்து மேலே பொங்கி வழிந்தது! மரக்கட்டை ஒன்றை அடித்துத் துளையை அடைத்தார். அந்தக் கட்டை மெல்ல மெல்ல வெளியே தள்ளப்பட்டது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தார். தாங்கியின்மீது சராசரிச் சுமை சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான். ஆனால் மானி 200 பவுண்டுக்கு மேல் காட்டியது.

இதன் பொருள் என்ன? சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று, குறுகும் இடைவெளிக்குள் ஆப்புப் போலச் செருகுகிறது. அங்கே எழும் அழுத்தம் சுமை முழுவதையும் தூக்கி நிறுத்துகிறது. உலோகம் உலோகத்தைத் தொடவே இல்லை! டவரின் முதல் அறிக்கை 1883இல் வெளிவந்தது. இதற்கான கணக்கியல் விளக்கத்தை 1886இல் ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ் கொடுத்தார்.

உங்கள் வீட்டுக் காரின் கிராங்க் தண்டும் இப்படித்தான் எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்து சுழல்கிறது. படலம் மிக மெல்லியது. சில மைக்ரான் அளவே இருக்கும். தலைமுடியின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

எண்ணெய்ப் படலம் ஒரு மெத்தை

இனி நம் கேள்விக்கு வருவோம். இரண்டு உலோகப் பரப்புகள் நெருங்கி வரும்போது இடையிலுள்ள எண்ணெய் பக்கவாட்டில் பிதுங்கி வெளியேற வேண்டும். பாகுநிலை அதிகமானால் அது எளிதில் வெளியேறாது. நெருங்கும் பரப்பைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும். மோதல் மென்மையாகும், சத்தம் குறையும். ஆகவே, கெட்டி எண்ணெய் சத்தத்தைக் குறைக்கும் என்ற பேச்சில் உண்மை இருக்கிறது.

ஆனால் எவ்வளவு உண்மை? இங்கேதான் கணக்கு தேவைப்படுகிறது. இந்தத் தடுப்பு விசை பாகுநிலைக்கு நேர்விகிதத்திலும், இடைவெளியின் மும்மடிக்கு எதிர்விகிதத்திலும் அமைகிறது. இடைவெளி இருமடங்கானால் தடுப்பு விசை எட்டில் ஒரு பங்காகிவிடும்.

புதிய பேரிங்கில் இடைவெளி ஏறத்தாழ 0.05 மி.மீ. என்று கொள்வோம். தேய்ந்து அது 0.1 மி.மீ. ஆகிவிட்டது. எண்ணெய் மெத்தையின் வலிமை எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. பழைய நிலைக்குக் கொண்டுவர எட்டு மடங்கு கெட்டியான எண்ணெய் வேண்டும். 30 எண் எண்ணெயை மாற்றி 50 எண் எண்ணெய் ஊற்றினால் என்ன கிடைக்கும்? சூட்டில் அவற்றின் மதிப்புகளை ஏறத்தாழ 11 என்றும் 19 என்றும் கொண்டால், இரண்டு மடங்குகூட இல்லை!

ஆகவே சத்தம் சற்று மங்கும். நோய் அப்படியே இருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பேரிங்கின் பக்கவாட்டில் கசியும் எண்ணெயின் அளவும் இடைவெளியின் மும்மடியைப் பொறுத்ததே. இடைவெளி இருமடங்கானால் கசிவு எட்டு மடங்கு. பம்ப் அனுப்பும் எண்ணெய் இவ்வாறு எளிதில் கசிந்துவிடுவதால்தான் தேய்ந்த எஞ்சினில், சூடான பின் எண்ணெய் அழுத்தம் இறங்கி, சிவப்பு விளக்கு மினுக்குகிறது.

காலைதோறும் நடக்கும் ஒரு சோதனை

எண்ணெயின் எண்ணை மாற்றிப் பார்க்காமலேயே, பாகுநிலைக்கும் உங்கள் எஞ்சின் சத்தத்துக்கும் தொடர்பு உண்டா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. அந்தச் சோதனை செலவின்றி ஒவ்வொரு நாள் காலையிலும் நடக்கிறது!

சாதாரண 40 எண் எண்ணெயின் பாகுநிலை 40 டிகிரியில் ஏறத்தாழ 140 சென்டிஸ்டோக்ஸ் இருக்கும். 100 டிகிரியில் ஏறத்தாழ 14. பத்தில் ஒரு பங்கு! இரவெல்லாம் நின்ற காரைக் கிளப்பி, நன்றாகச் சூடாகும்வரை ஓட்டுவதற்குள் இந்த மாற்றம் முழுவதும் நடந்து முடிந்துவிடுகிறது. 40 எண்ணுக்கும் 50 எண்ணுக்கும் உள்ள வேறுபாடு இதன்முன் எம்மாத்திரம்?

ஆகவே இப்படி வாதிடலாம். எண்ணெய் பத்து மடங்கு இளகியபோதும் ஒரு சத்தம் மாறவே இல்லை என்றால், எண்ணெயின் எண்ணை ஒரு படி மாற்றுவதால் அது மாறப்போவதில்லை. எஞ்சின் சூடான பிறகு மட்டும் எழும் சத்தமானால், படலம் மெலிந்ததற்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம்; பேரிங்கை ஐயுற வேண்டும்.

குளிர்ந்திருக்கும்போது கேட்டுச் சூடானதும் மறையும் சத்தங்களும் உண்டு. கிளப்பிய சில விநாடிகளுக்கு மட்டும் கேட்கும் 'டிக் டிக்', எண்ணெய் மேலே சென்று சேராததால் வருவது. எண்ணெய் மிகவும் கெட்டியாக இருந்தால் அது சேர இன்னும் தாமதமாகும். அப்போது கெட்டி எண்ணெயே சத்தத்துக்குக் காரணமாகிவிடும்! பிஸ்டன் தட்டலும் சூட்டில் குறையும். ஆனால் அதற்குக் காரணம் வேறு: அலுமினியப் பிஸ்டன், வார்ப்பிரும்புச் சிலிண்டரைவிட ஏறத்தாழ இருமடங்கு விரிகிறது; இடைவெளி சுருங்குகிறது. வெப்பநிலையை மாற்றும்போது பாகுநிலை மட்டுமின்றி இடைவெளியும் மாறுகிறது என்பதை மறந்துவிடலாகாது.

பின்னாளில் வந்த பல கார்களில் டாப்பெட் இடைவெளியை எண்ணெயே நிரப்பிக்கொள்ளும் அமைப்பு உண்டு. உள்ளே ஒரு சிறு உருளை, எண்ணெய் அழுத்தத்தால் நீண்டு இடைவெளியை மூடிவிடும். இத்தகைய எஞ்சினில் எண்ணெய்க்கும் சத்தத்துக்கும் தொடர்பு நேரடியானது. எண்ணெய் குறைந்தாலும், அழுக்கு அடைத்தாலும், அளவுக்கு மேல் ஊற்றியதால் கிராங்க் தண்டு கடைந்து நுரை கிளப்பினாலும் சத்தம் வரும்.

டப்பா மருந்து என்ன செய்யும்?

முதலில் ஓர் உண்மை: நீங்கள் வாங்கும் நல்ல எஞ்சின் எண்ணெயில் ஏற்கெனவே பல சேர்க்கைப் பொருள்கள் கலந்திருக்கின்றன. அழுக்கைக் கழுவுபவை, கரியைத் திரளவிடாமல் மிதக்க வைப்பவை, நுரையை அடக்குபவை, எண்ணெய் கெடாமல் காப்பவை, தேய்மானத்தைத் தடுப்பவை எனப் பல வகை. துத்தநாகமும் பாஸ்பரசும் கந்தகமும் அடங்கிய ஒரு கூட்டுப்பொருள் 1940களிலிருந்து தேய்மானத் தடுப்புக்குப் பயன்படுகிறது. எண்ணெய்ப் படலம் அறுந்து உலோகங்கள் உரசும் இடத்தில் அது ஒரு காப்புத் தோலை உண்டாக்குகிறது.

அந்தத் தோலின் தடிப்பு ஏறத்தாழ 100 நானோமீட்டர், அதாவது 0.0001 மி.மீ. தேய்ந்த பேரிங்கின் இடைவெளி 0.1 மி.மீ. ஒன்றுக்கு ஆயிரம்! பத்து செ.மீ. ஆழமுள்ள பள்ளத்தை ஒரு தாளை விரித்து நிரப்ப முடியுமா? தேய்மானத் தடுப்புப் பொருள் இனி வரும் தேய்மானத்தைக் குறைக்கும். நடந்துவிட்ட தேய்மானத்தை நிரப்பாது.

மாலிப்டினம் டைசல்பைடு போன்ற உராய்வு குறைக்கும் பொருள்களும் உண்டு. இவற்றின் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று எளிதில் வழுக்கும். உராய்வு குறைவது உண்மையே. ஆனால் நாம் முதலில் கண்டது என்ன? இந்தத் 'டக் டக்' சத்தங்கள் உராய்வால் பிறக்கவில்லை, மோதலால் பிறக்கின்றன. கதவுக் கீல் கிறீச்சிடுவது உராய்வுச் சத்தம். எண்ணெய் இட்டால் நிற்கும். தளர்ந்த கதவு காற்றில் படபடவென அடிப்பது மோதல் சத்தம். கீலுக்கு எவ்வளவு எண்ணெய் இட்டாலும் நிற்காது.

சத்தம் அடக்கும் மருந்துகளில் பல, பாகு போன்ற மிகக் கெட்டியான திரவங்கள். அவற்றில் நீண்ட நூல் போன்ற மூலக்கூறுகள் உண்டு. எண்ணெயில் கலந்ததும் பாகுநிலை கூடுகிறது. ஆகவே இவற்றின் விளைவு, கெட்டி எண்ணெய் ஊற்றிய விளைவுதான். எஞ்சினுக்குள் நசுங்கி நசுங்கி இந்த நீள மூலக்கூறுகள் நாளடைவில் அறுந்துபோகும். பாகுநிலை மீண்டும் குறையும்.

பயன் தரும் இடமும் ஒன்று உண்டு. எண்ணெயால் நீளும் டாப்பெட்டுக்குள் அழுக்குப் படிந்து சிக்கிக்கொண்டால், கழுவும் பொருள் அதை விடுவிக்கக்கூடும். ஆனால் சரியான தரமுள்ள புதிய எண்ணெயே பல சமயங்களில் அந்த வேலையைச் செய்துவிடும்.

விளம்பரங்கள் பற்றி ஒரு செய்தி. இத்தகைய மருந்துகளை விற்ற பல நிறுவனங்கள்மீது, அவற்றின் விளம்பரக் கூற்றுகளுக்குப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்க அரசின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1990களில் நடவடிக்கை எடுத்தது. மோட்டார் சைக்கிள் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை: பல மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் அதே எண்ணெயில்தான் மூழ்கியிருக்கிறது. உராய்வு குறைக்கும் மருந்தை ஊற்றினால் கிளட்ச் வழுக்கத் தொடங்கலாம்.

காது சொல்வதை நம்பலாமா?

"ஊற்றினேன், சத்தம் குறைந்தது, என் காதால் கேட்டேன்" என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வது? அவர் பொய் சொல்லவில்லை. ஆயினும் ஒலியின் கணக்கைப் பார்ப்போம்.

எஞ்சின் வெளியிடும் மொத்த ஒலி ஆற்றலை 100 பங்கு என்று கொள்வோம். அதில் டாப்பெட் சத்தத்தின் பங்கு 20. எண்ணெய் மாற்றியதால் அது பாதியாகிவிட்டது, பெரிய வெற்றிதான். மொத்தம் இப்போது 90 பங்கு. டெசிபல் கணக்கில் இறக்கம் எவ்வளவு? 10 × மடக்கை (100/90), அதாவது 0.46 டெசிபல். நம் காது பொதுவாக 1 டெசிபல் அளவு மாறினால்தான் உணரும். டாப்பெட் சத்தம் முழுவதுமே ஒழிந்தாலும், மொத்தம் 80 பங்காகி, 0.97 டெசிபல்தான் குறையும்!

ஆனால் நம் காது வெறும் மானி அன்று. இரைச்சலுக்கு நடுவே சீராக ஒலிக்கும் 'டிக் டிக்' என்ற தாளத்தை அது தனியே பிரித்தெடுக்கும். ஆகவே மானி அசையாதபோதும் காது ஒரு மாற்றத்தை உணரக்கூடும். அதே காதுதான், காசு செலவழித்தவுடன் குறைந்துவிட்டதாகவும் கேட்கும்! இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

செய்து பாருங்கள்

எண்ணெய் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எஞ்சின் சத்தத்தைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். எஞ்சின் வெப்பநிலை, சுழலும் வேகம், கைப்பேசி இருக்கும் தூரம், இடம் ஆகிய நான்கும் மாறக்கூடாது. ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். ஒரு நண்பரிடம், எது எதற்கு முந்தியது என்று சொல்லாமல், இரண்டையும் போட்டுக்காட்டிப் புதிய எண்ணெய் எது என்று கேளுங்கள். வரிசையை மாற்றி மாற்றி ஐந்து முறை கேளுங்கள். வெறும் ஊகத்தால் ஐந்தும் சரியாக அமைய வாய்ப்பு 32இல் 1 தான். ஐந்தும் சரியானால் உண்மையிலேயே ஏதோ மாறியிருக்கலாம்.

அப்போதும் ஒரு கேள்வி எஞ்சும். பழைய எண்ணெய் அளவு குறைந்தும் அழுக்கேறியும் இருந்ததே. சத்தம் குறைந்தது மருந்தாலா, புதிய எண்ணெயாலா? மருந்தைச் சோதிக்க வேண்டுமானால், மருந்தில்லாத அதே புதிய எண்ணெயோடு ஒப்பிட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பதே ஆய்வின் முதல் விதி.

ஓர் எச்சரிக்கை: பெரியவர்கள் உடனிருக்க, திறந்த வெளியில் மட்டும் இதைச் செய்யுங்கள். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும். விசிறி, பெல்ட் அருகே கையோ துணியோ போகக்கூடாது.

சத்தம் அடங்கினால் நோய் தீர்ந்ததா?

இப்போது நம் ஓட்டுநருக்கு என்ன சொல்வோம்? மூன்று யோசனைகளில் எதையும் உடனே ஏற்கவேண்டியதில்லை. செலவு குறைந்த சோதனைகளை முதலில் வரிசையாகச் செய்வோம்.

கம்பியை எடுத்து எண்ணெய் அளவைப் பார்ப்பது முதல் வேலை. குறைந்திருந்தால், எஞ்சினைச் செய்தவர்கள் குறிப்பிட்ட எண்ணுள்ள எண்ணெயைச் சரியான அளவுக்கு ஊற்றவேண்டும். அடுத்து, டாப்பெட் இடைவெளியை ஃபீலர் கேஜ் கொண்டு அளந்து திருகியால் சரிசெய்ய வேண்டும். அம்பாசடரின் பழைய எஞ்சினில் இதற்கு எஞ்சினைப் பிரிக்கத் தேவையில்லை. மேல் மூடியைக் கழற்றினால் போதும். சத்தம் இதனால் நின்றால் கவலை தீர்ந்தது. நிற்காவிட்டால், எஞ்சின் சூடான பிறகு எண்ணெய் அழுத்தத்தை மானி வைத்து அளக்கவேண்டும். அழுத்தமும் குறைந்து, சுமை ஏறும்போது 'டொக் டொக்' என்றும் ஒலித்தால், மூன்றாம் நண்பர் சொன்னதே சரி.

அந்த நிலையில் கெட்டி எண்ணெயால் சத்தத்தை மங்கச் செய்து ஓட்டினால் என்ன ஆகும்? தேய்ந்த பேரிங் மேலும் தேயும். ஒருநாள் அது தண்டோடு இறுகிக்கொள்ளலாம். கனெக்டிங் ராடு முறிந்து எஞ்சினின் சுவரையே உடைத்துக்கொண்டு வெளிவரலாம். அன்று பேரிங் மாற்றுவதோடு போயிருக்கும். இன்று எஞ்சினே போகும். ஓடும் வண்டியில் நடந்தால் பயணிகளுக்கும் ஆபத்து. காய்ச்சல்காரருக்கு வெப்பமானி தவறாகக் காட்டும்படி செய்துவிட்டால் காய்ச்சல் தீர்ந்துவிடுமா?

புதிய வகைக் கார்களில் இன்னொரு தீங்கும் உண்டு. அவற்றின் எண்ணெய் வழிகள் மிகக் குறுகியவை. 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 போன்ற இளகிய எண்ணெய்க்கென வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் கெட்டி எண்ணெய் ஊற்றினால் எரிபொருள் செலவு கூடும். குளிரில் கிளப்பும்போது எண்ணெய் உரிய இடத்துக்குத் தாமதமாகவே போய்ச் சேரும்.

பழைய வண்டி வாங்கும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். தேய்ந்த எஞ்சினில் கெட்டி எண்ணெயையோ மருந்தையோ ஊற்றி, சத்தத்தை மறைத்து விற்பவர்களும் உண்டு. உங்கள் வீட்டில் சேமிப்பைச் செலவிட்டுப் பழைய வண்டி வாங்கப்போகிறார்கள் என்றால், நீங்களும் உடன் செல்லுங்கள். எஞ்சின் மூடியைத் தொட்டுப் பாருங்கள்; சூடாக இருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். குளிர்ந்த நிலையில் கிளப்பச் சொல்லிக் கேளுங்கள். பிறகு நன்றாகச் சூடாகும்வரை ஓட்டச் சொல்லி மீண்டும் கேளுங்கள். எண்ணெய் அழுத்த விளக்கையும் பாருங்கள். எந்த மருந்து ஊற்றியிருந்தாலும் எண்ணெய் சூட்டில் இளகியே தீரும்.

சிந்தித்து விடை காண்க

1. பேரிங்கின் இடைவெளி மூன்று மடங்கானால், அதே எண்ணெய்ப் படலத்தின் தடுப்பு விசை எத்தனையில் ஒரு பங்காகும்?

2. எஞ்சின் நிமிடத்துக்கு 900 முறை சுழல்கிறது. ஒரே ஒரு டாப்பெட் தளர்ந்திருந்தால் விநாடிக்கு எத்தனை தட்டல் கேட்கும்?

3. ஒரே அளவு ஒலி எழுப்பும் இரண்டு எஞ்சின்களில் ஒன்றை நிறுத்தினால் எத்தனை டெசிபல் குறையும்? நம் காதுக்குச் சத்தம் பாதியாகிவிட்டது போல் தோன்றுமா?

4. "மருந்து ஊற்றிய அன்றே எண்ணெயையும் மாற்றினேன், சத்தம் குறைந்துவிட்டது" என்று ஒருவர் சொல்கிறார். அவரிடம் நீங்கள் கேட்கவேண்டிய கேள்விகள் யாவை?